சிரிப்பு நிறுத்தம்

நாலு பேர் பார்க்க ஒரு மனுஷனை மேடையில் நிறுத்தி, வராத சிரிப்புக்காக வாயைப் பிளந்துகொண்டு காத்திரு என்றால் அது என்ன நியாயம்? குஷன்காரன் இந்தக் கேள்வியை வருஷக்கணக்காக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறான். கேட்க வேண்டிய ஆள் மச்சான். மச்சான் போய்ச் சேர்ந்து வருஷம் ஒன்று ஆகப்போகிறது. "செத்துப்போன மனுஷன் மேல இன்னும் என்னங்க கோவம்?" என்கிறாள் மனைவி. செத்துப்போனால் கோபம் போய்விடுமா? பதில் சொல்ல வேண்டிய ஆள் பாதியிலேயே கிளம்பிப் போய்விட்டால் கோபம் கூடத்தான் செய்யும்.

குஷன்காரன் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன். ஆனால் ஞாபகசக்தியில் அவனை அசைக்க முடியாது. எந்த வீட்டு சோபாவுக்கு எந்தக் கலர் ரெக்ஸின் போட்டான், உள்ளே புது ஃபோம் வைத்தானா இல்லை பழைய பஞ்சையே உதறித் திணித்தானா, ஸ்பிரிங்கில் எது துருப்பிடித்திருந்தது, கேட்ட மாத்திரத்தில் சொல்வான். அப்பேர்ப்பட்டவனைப் பார்த்து, வருஷா வருஷம் நாடகம் நெருங்கினால், "என்ன மாஸ்டர், இந்த வருஷமாவது வசனம் மறக்காம இருக்குமா?" என்று கேட்பார்கள். மருந்துக்கடைக்காரர் கேட்பார். முடிவெட்டுகிறவர், கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிவிட்டு, எழுந்து ஓட முடியாத நேரமாகப் பார்த்துக் கேட்பார். ஒரு வசனம், ஒரே ஒரு வசனம்கூட அவன் மறந்தது கிடையாது. எல்லாம் மச்சான் செய்த வேலை.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பஸ் டிப்போவில் டைம் கீப்பர். வண்டி வெளியே போகிற வாசலை ஒட்டி, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த கூண்டு ஒன்று. அதற்குள் ஒரு மேசை, சுவரில் ஒரு பெரிய கடிகாரம், நடுவில் கழுத்தில் விசிலோடு மச்சான். நேரம் வந்தால் விசில் ஊதுவார். வராவிட்டால் டிரைவர் காலில் விழுந்தாலும் ஊத மாட்டார். நேரம் வந்த பிறகு கண்டக்டர் டீக்கடையில் நின்றால் கதை முடிந்தது. பன்னை வாயில் வைத்த வாக்கில் ஓடி வர வேண்டியதுதான். பஸ் சீட்டுக்கு அளவெடுக்க டிப்போவுக்குப் போய்க்கொண்டிருந்த குஷன்காரனைக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, "சொன்ன நேரத்துக்கு வர்ற ஆளு" என்ற ஒரே தகுதிக்காகத் தங்கையைக் கட்டிக்கொடுத்தவர். வேறு எதையும் விசாரிக்கவில்லை. "கொஞ்சம் விசாரிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்பாள் மனைவி.

மச்சானின் சம்சாரம் சீக்கிரமே போய்விட்டாள். ஒரே பெண்ணை வளர்த்து, படிக்கவைத்து, வேறு ஊரில் கட்டிக்கொடுத்தார். மனுஷனுக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அதில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால் குஷன்காரன் நிம்மதியாக இருந்திருப்பான். மச்சானுக்கு இருந்ததோ நாடகப் பைத்தியம். அதிலும் நம் ஊர் நாடகம் இல்லை. நானூறு வருஷத்துக்கு முந்திய ஒரு இங்கிலாந்து ராணி காலத்து நாடகம். அதிலும் சிரிப்பு நாடகம்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதையும் அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாலைக் கல்லூரியில் ஆங்கிலம் படித்தாராம். அங்கே இப்படி ஒரு நாடகம் பாடமாக இருந்ததாம். பேராசிரியர் காதல் வரும் இடத்தை நடத்துவார்; தத்துவம் வரும் இடத்தை நடத்துவார்; வேலைக்காரர்கள் இரண்டு பேர் பேசிக்கொள்கிற இடம் வந்தால் ஒரே தாண்டாகத் தாண்டிவிடுவார்.

"இந்தப் பக்கத்துல என்ன சார் இருக்கு?"

"அதெல்லாம் அந்தக் காலத்து ஜோக்குப்பா. பரீட்சைக்கு வராது."

மச்சான் தானாகவே படித்துப் பார்த்தார். மேலே இரண்டு வரி நாடகம். கீழே எறும்பு எழுத்தில் முக்கால் பக்கத்துக்கு விளக்கம். விளக்கத்தைப் படித்தபோது விஷயம் புரிந்தது, சிரிப்பு வரவில்லை. அங்கேதான் அவருக்கு உறைத்தது.

"யோசிச்சுப் பாருங்க மாப்ள. அந்த நாடகத்தைப் பாக்க வந்த ஜனத்துல பாதிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. மூட்டை தூக்கறவன், படகு தள்ளறவன், தோல் தைக்கிறவன். உங்களை மாதிரி ஆளுங்க."

"என்னை எதுக்கு இழுக்கறீங்க?"

"சும்மா கேளுங்க. அவங்களுக்கு சீட்டுகூடக் கிடையாது. மேடைக்குக் கீழ மண்ணுல நின்னுக்கிட்டு, மழை பேஞ்சா நனைஞ்சுக்கிட்டு, கொட்டையைக் கடிச்சுத் துப்பிக்கிட்டு, விழுந்து விழுந்து சிரிச்சிருக்காங்க. புத்தகம் இல்ல. விளக்கம் இல்ல. காதுல விழுந்த உடனே அவனுக்குப் புரிஞ்சது எம்.ஏ. படிச்சவனுக்கு ஏன் புரியல?"

"சீட்டே இல்லாத எடத்துல எனக்கு என்ன மச்சான் வேலை?" என்றான் குஷன்காரன்.

ஆனால் வேலை கொடுத்துவிட்டார். டிப்போ ஆட்களை வைத்து ஒரு நாடகக் குழு ஆரம்பித்தார். தொழிலாளர் மன்ற ஹாலில் வருஷத்துக்கு ஒரு நாடகம், எப்போதும் அதே நாடகம்தான். மச்சானுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வேலைக்காரர்கள் இரண்டு பேர் பேசிக்கொள்கிற அந்த இடத்தில், யாரும் விளக்கம் சொல்லாமல், ஹால் தானாகச் சிரிக்க வேண்டும். ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். அந்த வேலைக்காரர்களில் ஒருத்தன், எஜமான் சொன்ன சேதியைக் கொண்டுபோகிற தூதன், குஷன்காரன். இன்னொருத்தன், அவனை உள்ளே விடாமல் கதவில் நிற்கிற காவலாள், டிப்போவின் கண்டக்டர் ஒருவன். பாக்கிச் சில்லறையை யாருக்கும் கொடுத்ததே இல்லை என்பதால் அவனுக்குப் பெயரே 'சில்லறை'.

முதல் வருஷம் மச்சான் ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே தமிழில் எழுதிக்கொண்டு வந்தார். அதில் கொம்பு ஜோக் ஒன்று இருந்தது. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அதை விளக்கினார்.

"பொண்டாட்டி ஏமாத்தினா புருஷன் நெத்தியில கொம்பு முளைக்கும்னு அவங்ககிட்ட ஒரு பேச்சு. அதனால மாடு, மான், ஆடு, எதைப் பத்திப் பேசினாலும் சிரிச்சிருவான்."

"எதுக்கு?"

"கொம்பு இருக்குல்ல."

குஷன்காரன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மனைவிதான் கேட்டாள். "ஏமாத்தினது அவ. இவனுக்கு ஏண்ணே முளைக்குது?"

"அதாம்மா ஜோக்கே."

"இதுல சிரிக்க என்ன இருக்கு? டாக்டர்கிட்ட காட்ட வேண்டிய கேஸு."

ஹாலிலும் அதேதான் நடந்தது. கொம்பைப் பற்றிப் பேசியபோது ஜனங்கள், பாவம், இந்த மனுஷனுக்கு என்னவோ வியாதி என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் திரை விலகுவதற்கு முன்னால் மச்சானே வெளியே வந்து, "முதல் காட்சியில் ஒரு நகைச்சுவை வருகிறது. அது ஏன் நகைச்சுவை என்றால்..." என்று ஆரம்பித்துவிட்டார். கடைசிக் காட்சிவரைக்கும் விளக்கி முடித்தபோது எல்லோரும் நன்றாகக் கைதட்டினார்கள். நாடகம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பின்வரிசையில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

விட்டாரா? விடவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் படித்தார். அந்தக் காலத்தில் அந்தச் சொற்களை உச்சரித்த விதமே வேறு, அன்றைக்கு ஒரே ஓசையில் கேட்ட இரண்டு சொல் இன்றைக்குத் தனித்தனியாகப் பிரிந்து போய்விட்டது, அதனால் வெள்ளைக்காரனுக்கே பாதி ஜோக் காதில் விழுவதில்லை என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டுகிற இடம் குஷன்காரனின் கடை. அவன் சோபாவைக் குப்புறக் கவிழ்த்துச் சணல்பட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாயில் ஆணியோடு இருப்பான். வாயில் ஆணி இருக்கிறவன் எதிர்த்துப் பேச முடியாது. மச்சானுக்கு அது வசதி.

ஒரு நாள் சைக்கிளை ஸ்டாண்ட் போடக்கூடப் பொறுமை இல்லாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்தார்.

"மாப்ள! இப்போ இங்கிலீஷ்ல நீயும் கெடயாது, நீங்களும் கெடயாது. எல்லாருக்கும் ஒரே சொல்லு. அப்போ ரெண்டும் இருந்திருக்கு! அந்தப் பழைய 'நீ' இன்னிக்கு அவங்க பிரார்த்தனையில மட்டும்தான் மிச்சம் இருக்கு. அதனால படிக்கிறவன், ஏதோ ரொம்ப மரியாதையான சொல்லுன்னு நினைச்சுக்கறான். அப்படியே தலைகீழ்! சிநேகிதனை 'நீ'ம்பான். கோவம் வந்தா வேலைக்காரனை 'நீ'ம்பான். சீமாட்டி ஒருத்தி நீங்க, நீங்கன்னு பேசிக்கிட்டே வந்து திடீர்னு ஒரு 'நீ' போடறா. அந்த ஒரு சொல்லுல ஆளு காலி. அவங்க காதுக்கே இன்னிக்கு அது கேக்கறதில்ல. நமக்குக் கேக்கும்!"

குஷன்காரன் ஆணியைக் கையில் துப்பினான். "இதுக்கா சைக்கிளை இந்த மிதி மிதிச்சீங்க? உங்க தங்கச்சி தினம் செய்யற வேலைதானே. காலையில 'என்னங்க'. சாயங்காலம் ஈரக்காலோட உள்ள வந்தா 'யோவ்'."

"அதான் மாப்ள! அதேதான்!" என்று மச்சான் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் சொன்னதிலேயே குஷன்காரனுக்கு நேராகப் புரிந்தது அது ஒன்றுதான். புரிந்த பிறகு இன்னொன்றும் கண்ணில் பட்டது. வீட்டில் "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள" என்கிற மச்சான், ஒத்திகைக்குப் போனால் "யோவ், நில்லுய்யா அங்க" என்பார். அது அவனுக்கு நன்றாகவே கேட்டது.

அதற்கப்புறம் மச்சான் ஆங்கில வார்த்தைகளையே தூக்கிக் கடாசிவிட்டு, அதே வேலையைச் செய்யக்கூடிய தமிழ் வார்த்தை தேட ஆரம்பித்தார். கதவுக் காட்சிக்கு அவர் பிடித்த சொல் 'படி'. ஏறுகிற படியும் அதுதான், படிக்கிற படிப்பும் அதிலிருந்துதான், டிப்போக்காரர்கள் வாய் ஓயாமல் புலம்புகிற பயணப்படியும் அதுதான். அந்தக் காட்சியின் கடைசிச் சொல்லாக 'கீழ்ப்படி' வந்து விழ வேண்டும் என்று முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு வரியாகக் கட்டிக்கொண்டு வந்தார். ரொம்ப நாள் எடுத்தது. எழுதி முடித்தபோது குஷன்காரனுக்கே, சரி, இது கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் விளக்க ஆரம்பித்துவிடுவார்.

அப்படியே விட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். மனுஷன் டைம் கீப்பர் ஆயிற்றே.

"சிரிப்பு வந்து முடியறதுக்குள்ள அடுத்த வசனத்தைச் சொன்னா எவனுக்குக் கேக்கும்? பஸ்ஸு ஸ்டாப்புல நின்னாத்தானே ஜனம் ஏற முடியும்? ஒவ்வொரு ஜோக்குக்கும் ஒரு ஸ்டாப். நின்னுடணும். நான் ஓரத்துல இருந்து டார்ச் அடிப்பேன். அடிச்சாத்தான் அடுத்த வசனம்."

"சிரிப்பு வரலைன்னா?"

"வரும். நீ நில்லு."

நின்றான். யாரும் ஏறவில்லை.

அந்த நிற்பு இருக்கிறதே, அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். வசனம் சொல்லியாகிவிட்டது. கை நீட்டிய இடத்தில் நீட்டியபடி. எதிரே சில்லறை ஒற்றைக் காலை முன்னால் வைத்தபடி. ஹாலில் ஒருத்தர் இருமுகிறார். தலைக்கு மேலே ஃபேன் கிறீச் கிறீச் என்கிறது. ஓரக்கண்ணால் பார்த்தால் மச்சான் டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு, பிரயாணி வருகிறானா என்று ரோட்டைப் பார்க்கிறவர் மாதிரி ஹாலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது ஸ்டாப்பில் மருந்துக்கடைக்காரர் முன்வரிசையிலிருந்து, உண்மையான அனுதாபத்தோடு, "பரவால்ல மாஸ்டர், அவசரமில்ல, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். அதற்குத்தான் அன்றைக்கு ஹால் சிரித்தது. அந்தச் சிரிப்பு மச்சானின் கணக்கில் வராது.

வருஷா வருஷம் இதேதான். ஊர் முழுக்க ஒரே பேச்சு: நல்ல தொழில்காரர், பாவம், மேடையில் ஏறினால் எல்லாம் மறந்துவிடுகிறது.

கடைசி வருஷம் மச்சானுக்கு ஓய்வு வந்தது. பெண் வந்து, இனிமேல் தனியாக இருக்க வேண்டாம், எங்களோடு வந்துவிடுங்கள் என்று சொல்லி, சாமான்களில் பாதியை ஏற்றிக்கொண்டும் போய்விட்டாள். நாடகம் முடிந்த மறுநாள் இவர் கிளம்ப வேண்டியது. அங்கே போனால் டிப்போவும் இல்லை, ஹாலும் இல்லை, ஆளும் இல்லை. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை என்றால் இனி ஒரு தடவை என்பதே கிடையாது. மச்சான் இதை வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் ஒத்திகையில் ஸ்டாப்பை இன்னும் நீளமாக்கினார்.

குஷன்காரனுக்குப் பொறுமை அங்கே அறுந்தது. "மச்சான், ஒருத்தரும் ஏறாத ஸ்டாப்புல எதுக்கு நிக்கணும்? வேகமா சொல்லிட்டு வேகமா இறங்கி ஓடிடறோம். உங்களுக்கும் மானம் மிச்சம், எங்களுக்கும் மிச்சம்."

"இத்தனை வருஷம் கட்டினதை ஓட்டமா ஓடிக் கொட்டறதுக்கா? நில்லுய்யா."

"பாத்தீங்களா, 'நீங்க' போய் 'நீ' வந்துடுச்சு" என்றான் சில்லறை, எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுகிறவனாக. "மாஸ்டர், நாமளும் அவரை 'நீ'ன்னு கூப்பிட்டுப் பாக்கலாமா? நாடகத்துல அப்படித்தானே வருது."

"நீ வாயை மூடு. முதல்ல போன மாசம் எனக்குத் தர வேண்டிய பாக்கிச் சில்லறையைக் குடு" என்றார் மச்சான்.

"நான் நடிக்கலை" என்று சொல்லிவிட்டுக் குஷன்காரன் வீட்டுக்கு வந்துவிட்டான். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். மடித்துக்கொண்டேதான் பேசினாள்.

"சரி. நடிக்க வேண்டாம்."

அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. "நெஜமாவா?"

"ஆமா. நான் போய் நிக்கறேன். அந்தக் கொம்பை நெத்தியில கட்டிக்கிட்டு, இன்னார் சம்சாரம்னு சொல்லிட்டு, அண்ணன் டார்ச் அடிக்கிற வரைக்கும் நிக்கறேன். ஊரு சிரிக்கும்ல?"

அன்றைக்கே ஒத்திகைக்குத் திரும்பிப் போனான்.

நாடகத்தன்று சாயங்காலம் ஹால் நிறைந்திருந்தது. மச்சானை வழியனுப்புகிற மாதிரி டிப்போவே வந்திருந்தது: டிரைவர்கள், கண்டக்டர்கள், மெக்கானிக்குகள், அவர்கள் வீட்டு ஆட்கள். நாற்காலி எல்லாவற்றுக்கும் குஷன்காரன் போன வருஷம்தான் புது மெத்தை தைத்துப் போட்டிருந்தான். அதனால் எழுந்து போகிறவர்கள் குறைவு. முதல் காட்சி முடிந்தது. இரண்டாவது முடிந்தது. எல்லோரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு நாடகத்துக்கு மரியாதையைப் போல ஆகாதது வேறு எதுவும் இல்லை.

அடுத்தது கதவுக் காட்சி. குஷன்காரன் இறுக்கிப் பிடிக்கிற கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றான். அப்போது டிப்போவிலிருந்து செக்யூரிட்டி மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"சார், மலைப்பாதை வண்டிக் கண்டக்டருக்கு வாந்தி. நிக்க முடியல. ஜனம் ஏறி உக்காந்தாச்சு. வேற ஆளே இல்ல. எல்லாரும் இங்கதான் நாடகம் பாத்துக்கிட்டு இருக்காங்க. இருக்கறதுல நாளைக்குக் காலையில டூட்டி இல்லாத ஆளு, இந்தச் சில்லறை ஒருத்தன்தான்."

மச்சான் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். குஷன்காரனும் பார்த்தான். ஸ்டாப் எல்லாம் போட்டுக் காட்சி முடிந்தால் வண்டி கிளம்பும் நேரம் தாண்டிவிடும். அவருக்கு அது கடிகாரத்தைப் பார்க்காமலே தெரிந்திருக்கும்.

"கொஞ்சம் லேட்டாத்தான் போகட்டுமே சார்" என்றான் சில்லறை. "உங்க கடைசி நாளு. யாரு கேக்கப் போறா?"

மச்சான் அவனைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வது? யாரோ தன்னைக் கன்னத்தில் அறைந்துவிட்ட மாதிரி இருந்தது. "என் வாசல்லயா?" என்றார். அவ்வளவுதான். திரைக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஸ்டாப் கெடயாது. எக்ஸ்பிரஸ். எங்கயும் நிக்காதீங்க. கடைசி வசனம் சொன்ன உடனே நீ குதிச்சு ஓடிடு."

வருஷக்கணக்காகக் கெஞ்சியும் கிடைக்காதது ஒரு மலைப்பாதை பஸ்ஸுக்காகக் கிடைத்துவிட்டது. குஷன்காரனுக்கு வந்த எரிச்சலில் மேடைக்கு நடந்து போகவில்லை, பாய்ந்து போனான். எதிரே சில்லறை, ராணி காலத்து அங்கிக்கு மேலேயே டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு நின்றான்.

"யாருய்யா நீ?"

"ஆளு."

"ஆளுன்னா?"

"சேதி கொண்டாந்த ஆளு. வழி விடு. படி ஏறணும்."

"படிச்சாத்தான் ஏறலாம்."

"நீ படிச்சியா?"

"நான் படியிலயே நிக்கறேன்ல?"

"நின்னா படிப்பு வந்துருமா?"

"உக்காந்தவனுக்கே வரல!"

"உக்காந்தவன் யாரு?"

"உள்ள இருக்கற எசமான்!"

மூன்றாவது வரிசையில் ஒருத்தர் 'ஹக்' என்றார். வண்டி கழுவுகிற ஆள். அடக்கப் பார்த்தார், தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்துச் சிரித்தார். குஷன்காரனுக்கு நிற்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சில்லறையோ மணிக்கட்டைப் பார்த்துவிட்டு அடுத்த வசனத்தை எறிந்தான். எறிந்ததைப் பிடித்துத் திருப்பி எறிவதைத் தவிர வேறு வழி இல்லை.

"இவ்வளவு தூரம் வந்தேனே, எனக்குப் பயணப்படி?"

"வரும், வரும். எனக்கே இன்னும் வரல!"

டிப்போ மொத்தமும் வெடித்தது. டிரைவர்கள் தொடையைத் தட்டினார்கள். பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். குஷன்காரன் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சத்தம் மேடைக்கு மேலே வந்து முகத்தில் அடித்தது. சூடான காற்று மாதிரி இருந்தது. அதற்குள்ளேயே தலையை நுழைத்துக்கொண்டு, கோபமும் போகாமல், இருவரும் கத்திக்கொண்டே போனார்கள். மேல்படி யாருக்கு என்று இவன் கேட்டது இவனுக்கே கேட்கவில்லை. மேலே இருக்கிறவனுக்கு என்று அவன் சொன்னது வாயசைப்பில்தான் தெரிந்தது. எனக்கு எந்தப் படி என்று இவன் கேட்டான். சில்லறை பதிலைச் சொல்லிக்கொண்டே மேடையிலிருந்து குதித்து, நாற்காலிகளுக்கு நடுவே அங்கி பறக்க ஓடினான். ஹால் எழுந்து நின்று கைதட்டியது. கொஞ்ச நேரத்தில் வெளியே ஹாரன் சத்தம். வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது.

மிச்சக் காட்சிகளும் அந்தச் சூட்டிலேயே ஓடின. திரை விழுந்ததும் குஷன்காரன் நேராக மச்சானிடம் போனான். பல வருஷ பாரம் இறங்கியிருந்தது. பதிலுக்கு ஒரு வார்த்தை, வேறு எதுவும் வேண்டாம், ஒரு "நல்லா செஞ்சீங்க மாப்ள" போதும்.

"கேட்டுச்சா மச்சான்?"

"எது?"

"எதுவா? சிரிப்பு!"

"சிரிப்பு கேட்டுச்சு. 'கீழ்ப்படி' கேட்டுச்சா?"

குஷன்காரன் வாயைத் திறப்பதற்குள் மச்சானே பதிலும் சொன்னார்.

"கேக்கல. எனக்கே கேக்கல. மேடை ஓரத்துல நிக்கற எனக்கே கேக்கல. அந்தச் சொல்லுக்காகத்தானே மத்தது எல்லாத்தையும் கட்டினேன்? எல்லாத்தையும் கேட்டுட்டு, அதை மட்டும் சிரிப்புல அமுக்கிட்டாங்களே!"

"நீங்க சிரிப்பு வேணும்னீங்க. வந்துச்சு. இப்போ சிரிப்பே தொந்தரவுன்னா நான் எங்க போய் முட்டிக்கறது?"

"எதுக்குச் சிரிச்சாங்க? அதைச் சொல்லு. வார்த்தைக்கா? அவன் பையை மாட்டிக்கிட்டு வந்தானே, அதுக்கா? இல்ல, நீ மூஞ்சியை அப்படி வெச்சிருந்தியே, அதுக்கா?"

"யாருக்குத் தெரியும்? சிரிச்சவங்ககிட்ட டிக்கெட்டை வாங்கி, எந்த ஸ்டாப்புல ஏறினாங்கன்னு பாக்கவா முடியும்? மச்சான், நீங்க பொழச்சுப் போற வழியே இல்ல. நாளைக்கு ஊருக்குக் கிளம்பறீங்க. இன்னிக்கு ஒரு நாளாவது சந்தோஷமா இருங்களேன்!"

மச்சான் கேட்டதாகவே தெரியவில்லை. திரையின் ஓரத்தை விலக்கி ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் யாரிடமோ கையை ஆட்டி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மச்சானின் முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. வண்டி ஏன் லேட் என்று டிரைவரை விசாரிக்கப் போகிற முகம் அது. திடீரென்று குஷன்காரனின் கையைப் பிடித்து இழுத்தார்.

"அதோ, கதவுகிட்டப் போறாரு பாருங்க, வண்டி கழுவறவரு. அவர்தான் முதல்ல சிரிச்சது. பயணப்படி வர்றதுக்கு முன்னாடியே சிரிச்சாரு. நான் பாத்தேன். நான் கேட்டா மரியாதைக்கு ஏதாவது சொல்லிருவாரு. உங்ககிட்ட நெசத்தைச் சொல்வாரு. வேஷத்தைக் கலைக்காதீங்க, நேரம் இல்ல, தெருமுனை தாண்டினா பிடிக்க முடியாது. ஓடுங்க மாப்ள. எந்த வார்த்தைக்குச் சிரிச்சீங்கன்னு மட்டும் கேட்டுட்டு வந்து சொல்லுங்க."